நாலாம் நம்பர் ராடு

ராஜபாளையத்தில் சங்கரலிங்கம் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். ஓட்டை சங்கரலிங்கம் என்று கேட்டால் நேரே பொன்னுராஜின் லேத் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். நூல் மில்களுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை அது. அங்கே டிரில்லிங் மெஷின் முன்னால் இருபத்தாறு வருஷம் நின்றவர் அவர். அந்தப் பெயர் முதலில் மரியாதையாகத்தான் வந்தது. பிறகு கேலியாக மாறிப்போனது. ஏன் மாறியது என்று ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது. ஊர் சொல்கிற கதையில் பாதி தப்பு இருப்பது வழக்கம். இதில் முழுதுமே தப்பு.

அவர் மனைவி இசக்கியம்மாள் ஒரு சர்ஜிகல் பஞ்சு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பஞ்சை இறுக்கிச் சுருட்டி, நீலத் தாளில் சுற்றி, ஓரத்தை மடக்கி ஒட்டுகிற வேலை. விரல்கள் மெலிந்து நீண்டிருக்கும். கல்யாணமான பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது செத்தே பிறந்தது. இரண்டாவது நாற்பது நாள் இருந்தது. அப்பா ரத்தமும் அம்மா ரத்தமும் சேராத கேஸ் என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுக்குக் கைராசி இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

எண்பத்து மூன்றில் சங்கரலிங்கத்தின் அக்கா கருத்தம்மாள் வீட்டில், அவள் மகளுக்கு வளைகாப்பு. இசக்கியம்மாள் ஆரத்தியைக் கரைத்துத் தட்டைக் கையில் எடுத்தாள். கருத்தம்மாள் சிரித்த முகத்தோடு வந்து தட்டைப் பிடித்தாள்.

"இங்க கொடு தாயி. நீ அடுப்படியச் செத்த நேரம் பாத்துக்கோ."

கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எல்லாருக்கும் புரிந்தது என்பதற்கு அடையாளம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த சங்கரலிங்கமும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றி இறுக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இசக்கியம்மாள் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள், இறங்கும்போது மட்டும், "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள். அந்த ஒரு வரி அவர் மனசில் தைத்துக்கொண்டது. மெஷின் ஓடும்போதெல்லாம் அது காதில் கேட்டது.

வைகுண்டராஜ் பட்டறைக்கு வந்தது எண்பத்தாறில். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், வடக்கே மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு கறுப்புத் துண்டை மேஜையில் வைத்தார். ஒரு அடி நீளம், பெருவிரல் பருமன், ஆறு பட்டை. கையில் எடுத்தால் பென்சில் முனை மாதிரி விரலில் கரி ஒட்டியது.

"அண்ணாச்சி, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் பத்தொன்பது ஓட்டை போடணும். ஒவ்வொண்ணும் ரெண்டரை மில்லி. ஒண்ணோட ஒண்ணு இடிக்கக் கூடாது."

"எதுக்கு சார் இது?"

"ராக்கெட்டுக்கு."

முதலாளி பொன்னுராஜ் சிரித்துவிட்டார். பக்கத்துச் சிவகாசியில் தீபாவளிக்குச் செய்கிற ராக்கெட்தான் அந்தப் பட்டறைக்குத் தெரிந்த ராக்கெட்.

வைகுண்டராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வரவழைத்து, குடித்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப இருக்கிற ராக்கெட் எரிபொருள எரிச்சுக்கிட்டுப் போகுது. எம்புட்டு எரிச்சாலும் செவ்வாய் வரைக்கும் போயிட்டுத் திரும்புறது கஷ்டம். அதுக்குப் பதிலா ராக்கெட்டுக்குள்ள ஒரு சின்ன அணு உலைய வைக்கணும். அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் வாயுவக் காய வச்சுப் பின்னால தள்ளணும். உலைக்குள்ள யுரேனியம் கலந்த கரி ராடு நூத்துக்கணக்குல நிக்கும். வாயு அதுல இருக்கிற ஓட்டை வழியாத்தான் ஓடும். அந்த ராடுதான் இது. பயப்படாதீங்க, நம்ம ராடுல யுரேனியம் கிடையாது. வெறும் கிராஃபைட். கரண்டுல சூடாக்கிச் சோதிச்சுப் பாக்கப் போறோம்."

"சூடாக்கினா என்ன சார் ஆகும்?"

"அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் கரியத் தின்னுரும், கரையான் மரத்தத் தின்ன மாதிரி. தின்னாம இருக்க உள்ளயும் வெளியயும் ஒரு பூச்சு கொடுக்கணும். சூடு ஏறும்போது பூச்சு ஒரு அளவு விரியும், கரி வேற அளவு விரியும். பூச்சு வெடிச்சிரும். எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் இதுதான். நான் நடுவுல ஒரு மெல்லிய அடுக்கு கொடுத்து ஒரு பூச்சு செஞ்சிருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு. அது நிக்கும் அண்ணாச்சி."

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சு அரைவை ஆலையின் சரக்குக் கிட்டங்கியை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஆலைக்கு வந்த பெரிய கரண்ட் லைன் அப்படியே இருந்தது. பூச்சு போடுகிற உலைக்கு அது வேண்டும். ராடில் ஓட்டை போட இந்தப் பக்கத்துப் பட்டறைகளை விட்டால் ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தப்பில்லை.

இரண்டரை மில்லி டிரில் ஒரு அடி போனால் எங்கேயாவது சாய்ந்துவிடும். அதனால் சங்கரலிங்கம் பாதி தூரம் ஒரு பக்கத்திலிருந்தும், மீதியை மறுபக்கத்திலிருந்தும் போட்டார். இரண்டு ஓட்டையும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கிற இடத்தில் ஒரு முடியளவு விலகினாலும் அங்கே ஒரு படி விழும். வாயு அந்தப் படியில் முட்டிப் பூச்சைப் பெயர்த்துவிடும். முதல் நாலு மாதம் போட்டதெல்லாம் உடைந்தது, அல்லது கோணியது. டிரில்லைத் தானே வேறு கோணத்தில் தீட்டி, காற்றை ஊதித் தூளை வெளியே தள்ளி, எட்டாம் மாதம் வழிக்கு வந்தார். அந்த எட்டு மாதமும் அவர் வீட்டுக்குப் போனது கரி மூட்டை தூக்கினவர் மாதிரிதான். இசக்கியம்மாள் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பாள்.

கைவசம் இருந்த கிராஃபைட்டில் ஏழு ராடுதான் தேறியது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஒரே கட்டாகச் சோதிக்க ஏழும் வேண்டும். கழுவிக் காயவைத்த ராடை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது வைகுண்டராஜின் கண்டிப்பு. "கை வேர்வையில இருக்கிற உப்பு போதும், பூச்சு ஒட்டாது" என்பார். வெள்ளைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மரப்பெட்டிக்குள் புதுப் பஞ்சு பரப்பி அதில்தான் படுக்கவைக்க வேண்டும். பஞ்சு இசக்கியம்மாள் கம்பெனியிலிருந்து வந்தது.

பஞ்சு கொண்டுவந்த ஒரு சாயங்காலம், அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாலாம் நம்பர் ராடு முடிந்திருந்தது. சங்கரலிங்கம் அவள் கையில் கையுறையை மாட்டிவிட்டு ராடைக் கொடுத்தார். வாசலில் நின்று ஒரு ஓட்டை வழியாக சஞ்சீவி மலைப் பக்கம் பார்த்தாள்.

"மலை தெரியுது" என்றாள். இன்னொரு ஓட்டையில் பார்த்தாள். பத்தொன்பதிலும் பார்த்தாள். "எல்லாத்துலயும் தெரியுது. இது மேல போகுமா?"

"இது போகாது. இது சூட்டுல நின்னுச்சுன்னா, இது மாதிரி ஒண்ணு என்னைக்காவது போகும்."

"நிக்கும்" என்றாள் அவள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொன்னுராஜின் மனைவி பிரசவத்துக்காக வ. புதுப்பட்டிக்குத் தாய்வீடு போயிருந்தாள். வருஷா வருஷம் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவள் அவள்தான். பொன்னுராஜ் தட்டை எடுத்துவந்து இசக்கியம்மாளிடம் நீட்டினார்.

"மதினி, இந்த வருசம் நீங்க வச்சிருங்க."

அவள் தட்டை வாங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். வளைகாப்பு வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் இந்தத் தடவை திறந்தார்.

"வையி. உன் கையால வையி."

குங்குமம் அவள் வீட்டில் இடித்தது. கடைக் குங்குமம் வாங்க மாட்டாள். மஞ்சள், படிகாரம், வெண்காரம் சேர்த்து எலுமிச்சம்பழச் சாறு விட்டு அவளே செய்வாள். அன்றைக்கு லேத்துக்கு வைத்தாள், டிரில்லிங் மெஷினுக்கு வைத்தாள், வைஸ், அரம், சுத்தியல் ஒன்றையும் விடவில்லை. பட்டறை ஆட்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாலு வருஷமாக ஒரு விசேஷத்தில் ஒரு திரியைக்கூடத் தொட விடப்படாத அந்தக் கைக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

பூசணிக்காய் உடைக்க எல்லாரும் வெளியே போனார்கள். அவள் தட்டோடு உள்ளே நின்றாள். மூலையில் மரப்பெட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, பெரிய காரியத்துக்குப் போகிற பொருளுக்கு மட்டும் வைக்காமல் விடுவதா? தான் மலையைப் பார்த்த அந்த நாலாம் நம்பரை எடுத்தாள். பூஜைக்குக் கையுறை ஏது? சந்தனத்தில் மூன்று விரலைத் தோய்த்து, ராடின் நடுவில் ஒரே சமயத்தில் மூன்று பொட்டு. அதன்மேல் குங்குமம். கண்ணில் ஒற்றிக்கொண்டு பஞ்சில் வைத்து மூடிவிட்டாள்.

மறுநாள் பூஜையைப் பிரித்துவிட்டுச் சங்கரலிங்கம் பெட்டியைத் திறந்தார். பொட்டைப் பார்த்ததுமே யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது. வைகுண்டராஜின் வண்டி பத்து மணிக்கு வந்துவிடும். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். கறுப்பு ராடு மறுபடி கறுப்பாகவே இருந்தது. இத்தனை வருஷமாக மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம், எந்த ஸ்பிண்டில் அதனால் கெட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரும்புக்கு வைத்த பொட்டு மேலேயே நிற்கும். கரி அதைக் குடித்துவிடும். எட்டு மாதம் கரியோடு புழங்கிய மனுஷனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வைகுண்டராஜிடம் சொன்னால், யார் தொட்டது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி பட்டறைக்கு நடுவில் கேட்கப்படும். கைராசியில்லாதவளைத் தொட விட்டீர்களே என்று எவனாவது ஒருவன் சொல்லாமல் இருக்க மாட்டான். சங்கரலிங்கம் பெட்டியை மூடி ஆணி அடித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டங்கியில் பூச்சு முடிந்து, எண்பத்தெட்டு ஜனவரியில் ஏழு ராடும் வடக்கே சோதனைக்குப் போயின. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியான நேரம் வைகுண்டராஜ் பட்டறைக்குள் வந்தார். சவரம் செய்து நாலு நாள் இருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டு நிமிசம் ஏழும் நின்னுச்சு. மூணாவது நிமிசம் நாலாம் நம்பர் நடுவுல போயிருச்சு. அது போனதும் மத்த ஆறும் சேந்து போச்சு. மிஞ்சினது இதுதான்."

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். துண்டின் மேல்பட்டையில் வரிசையாக மூன்று குழி. பூச்சு அங்கே மட்டும் கொப்பளித்து உடைந்து, கரி உள்ளோட்டை வரை அரித்துப் போயிருந்தது.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும் அண்ணாச்சி" என்றார் வைகுண்டராஜ். "பூச்சு தப்பா, ராடு தப்பா? பூச்சு தப்புன்னா என் இத்தனை வருசமும் தப்பு. மறைக்காமச் சொல்லுங்க, அந்த ராடுல ஏதாவது நடந்துச்சா?"

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். வைகுண்டராஜைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நம்ம ராடு நின்னுச்சா சார்?"

பொன்னுராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். லேத் ஆட்கள் ரெண்டு பேர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் நிமிர்ந்தார்.

"ராடுதான் சார் தப்பு. நாலாம் நம்பர்ல ரெண்டு பக்கத்து ஓட்டையும் நடுவுல சேரல. படி விழுந்திருச்சு. தெரிஞ்சேதான் கொடுத்துட்டேன்."

தன் பூச்சு பிழைத்தது என்ற ஆறுதலும், நம்பின ஆள் ஏமாற்றிவிட்டான் என்ற கசப்பும் வைகுண்டராஜின் முகத்தில் ஒன்றாக வந்து போயின.

"ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

துண்டு மேஜையிலேயே கிடந்தது. சங்கரலிங்கம் அதை எடுத்துத் தினத்தாளில் சுற்றி, வீட்டில் டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை.

செய்தி ஒரே வாரத்தில் டீக்கடைகளுக்குப் போய்விட்டது. ராக்கெட்டைக் கவிழ்த்தவர் என்றார்கள். மில்லிலிருந்து வந்த சூப்பர்வைசர், "நீளமான ஓட்டைன்னா வேற ஆள வச்சுப் போடுங்க" என்று பொன்னுராஜிடம் அவர் காதுபடவே சொன்னார். ஓட்டை சங்கரலிங்கம் என்ற பெயரில் சிரிப்பு வந்து சேர்ந்தது அப்போதுதான். அவருக்கு அது வலிக்கத்தான் செய்தது. தொழில்காரனுக்குக் கை கோணல் என்ற பெயரைவிட வேறு என்ன அவமானம் இருக்கிறது? ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவள் கையை யாரும் சொல்லவில்லை.

அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. கருத்தம்மாள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.

"ஏலே சங்கரா, எப்பேர்ப்பட்ட கை உன் கை. அதுவும் இப்படி ஆயிருச்சே. யாரு கை பட்டுன்னு நான் சொல்லணுமாக்கும்."

இசக்கியம்மாள் அடுப்படியில் இருந்தாள். சங்கரலிங்கம் எழுந்து நின்றார்.

"அக்கா, ஓட்டை போட்டது என் கை. கோணினதும் என் கை. அவ கையப் பத்தி இனிமே இந்த வீட்டுல பேசாத."

கருத்தம்மாள் விறுக்கென்று கிளம்பிவிட்டாள். அதன்பிறகு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இசக்கியம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். சொல்லவில்லை. அன்று இரண்டு மடங்கு சோற்றை அவர் தட்டில் போட்டாள்.

மனைவி தாய்வீட்டிலிருந்து வந்துவிட்டாலும், அடுத்த ஆயுத பூஜைக்கும் பொன்னுராஜ் இசக்கியம்மாளைத்தான் கூப்பிட்டார். "மணிக்கட்டு வலி தம்பி, வேற யாரையாவது வைக்கச் சொல்லுங்க" என்றுவிட்டாள். அதற்கடுத்த வருஷமும் மணிக்கட்டு வலி. வீட்டில் குங்குமம் இடிப்பதையும் விட்டுவிட்டாள். கடையில் பாக்கெட் வாங்கினாள். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார் சங்கரலிங்கம். நுண்ணிய ஓட்டைகளைத் துல்லியமாகப் பார்த்த கண்ணுக்கு, வீட்டுக்குள் இருந்த இது தெரியவில்லை.

வைகுண்டராஜ் டிரில்லை நம்புவதை விட்டுவிட்டார். ஓட்டையோடு சேர்த்தே வார்த்தெடுக்கும் ராடுகளை வேறெங்கோ சொல்லி வரவழைத்தார். அந்தக் கிராஃபைட் சொரசொரப்பு ஜாதி. அதில் பூச்சு ஒட்டவே இல்லை. மூன்று வருஷம் போராடினார். தொண்ணூற்றொன்றில், இந்தப் பூச்சு உதவாது என்று மேலிடத்தில் எழுதித் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டங்கி தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனது. பொன்னுராஜ் சொல்லித்தான் சங்கரலிங்கத்துக்கு இது தெரிந்தது. பூச்சில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். சொல்ல வேண்டுமென்றால் அவளைச் சொல்ல வேண்டும். கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பஞ்சுத் தூசி இசக்கியம்மாளின் நெஞ்சில் இறங்கியிருந்தது. தொண்ணூற்றைந்தில் வேலையை விட்டாள். அடுத்த வருஷம் படுக்கையில் விழுந்தாள். மூச்சு வாங்கும், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. சங்கரலிங்கம் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். ஒருநாள் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நாலாம் நம்பர்ல… மலை நல்லாத்தான் தெரிஞ்சுச்சு."

பழைய நினைப்பில் பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, "ஆமா ஏட்டி, தெரிஞ்சுச்சு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து ஆறாம் நாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார். இனி யார் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. இந்தத் தடவை திரும்பவில்லை.

வைகுண்டராஜ் வேலையை விட்டுவிட்டு, தேரடிப் பக்கத்தில் அப்பா வீட்டில் பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். மொட்டைத் தலையைப் பார்த்து, "யாரு அண்ணாச்சி?" என்றார்.

"வீட்டுல" என்றார் சங்கரலிங்கம்.

வைகுண்டராஜ் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு சங்கரலிங்கம் எட்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததைச் சொன்னார். ஆயுத பூஜையைச் சொன்னார், மூன்று பொட்டைச் சொன்னார், தின்னரில் துடைத்ததைச் சொன்னார். "ஓட்டை கோணல சார். உங்க பூச்சும் தப்பில்ல. அவ கையச் சொல்லிரக் கூடாதுன்னு நான் சொன்ன பொய்யி. உங்க வாழ்க்கையக் கெடுத்துட்டேன்."

கோபிப்பார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்திருந்தார். வைகுண்டராஜ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, இதை எங்கிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றார்.

"யாரு சொன்னா?"

"அவங்கதான். அந்த வருசம் மாசி மாசம். கம்பெனிக்கு லீவு போட்டுட்டுக் கிட்டங்கிக்கு வந்தாங்க. தூக்குச்சட்டிக்குள்ள அந்த ராடுத் துண்டு இருந்துச்சு. 'நாலாம் நம்பர் வழியா நான் மலையப் பாத்தேன் சார், அவிய ஓட்டை கோணல, நான்தான் குங்குமம் வச்சேன்'ன்னு சொல்லி, அந்த மூணு குழியிலயும் மூணு விரல வச்சுக் காட்டுனாங்க. பொருந்துச்சு."

அது டூல்ஸ் பெட்டியின் அடியில் அல்லவா கிடக்கிறது என்று நினைத்தார் சங்கரலிங்கம்.

"நான் நம்பல" என்றார் வைகுண்டராஜ். "புருசன் பேரக் காப்பாத்த ஒரு கதையக் கட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு முடியளவு படி விழுந்தாலும் மலை தெரியத்தாம்மா செய்யும், போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். குங்குமம் எப்படிச் செஞ்சேன்னுகூடச் சொன்னாங்க. வெண்காரம்னு சொன்னாங்க. அதுல இருக்கிறது போரான். அது பட்ட இடத்துல பூச்சு நிக்காது. உடைஞ்ச இடத்துல போரான் இருக்குன்னு லேப் ரிப்போர்ட் அப்ப என் மேஜை மேலயே கெடந்துச்சு. உலைச் செங்கல்லுல இருந்து வந்திருக்கும்னு விட்டுட்டேன். மெஷின்காரரு சொன்னத நம்புனேன், பொட்டு வச்சவங்க சொன்னத நம்பல. என் வாழ்க்கைய நீங்க கெடுக்கல அண்ணாச்சி. நானேதான்."

"எங்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லலயே சார்."

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாங்க. 'எனக்காக அவிய வாய் தொறந்து சொன்னது இது. பொய்யா இருந்தாலும் எனக்கு அது வேணும். பூச்சு தப்பில்லன்னு நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க'ன்னாங்க."

பஸ்ஸில் திரும்பி வந்தது எதுவும் சங்கரலிங்கத்துக்கு நினைவில்லை. வீட்டுக்குள் போனதும் டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் அது கிடந்தது. அவர் சுற்றி வைத்த தினத்தாள் அதில் இல்லை. பஞ்சில் பொதிந்து, நீலத் தாளில் சுற்றி, ஓரம் மடக்கி ஒட்டப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஞ்சை ஒட்டுகிற அதே மடிப்பு. தாள் வெளுத்திருந்தது, ஒட்டு மட்டும் விடவில்லை.

பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். தன்னுடைய மூன்று விரலையும் குழிகளில் வைத்துப் பார்த்தார். மெஷின் பிடித்துப் பருத்த விரல்கள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிட்டுக்கொண்டு, அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். அந்த நிம்மதி கெட்டுவிடாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் படுத்திருந்த கட்டில் மூலையில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. சங்கரலிங்கம் அதைப் பார்த்து, அவள் அங்கே இருப்பது போலவே சொன்னார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஏட்டி."